கல் நடாத நிலம்

2007 ஆகஸ்டில் என் மேலாளர் எனக்கு ஊர் சுற்றும் வேலை ஒன்றைக் கொடுத்தார். கிண்டியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்போம். நான் ஆட்டோகேட் டிராஃப்ட்ஸ்மேன், இரவு ஷிஃப்ட். வாடிக்கையாளர் ஒருவர் தன் மாதிரி வீட்டை ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்துக்குள் கட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். “உள்ள போய் ஒரு வாரம் சுத்திப் பாத்துட்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுப்பா” என்றார் மேலாளர். அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்துப் பல வருஷமாகிவிட்டது. அதில் எழுதாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே போகப் பெயர் பதிய வேண்டும். முதல் பெயர் நம் இஷ்டம். குடும்பப் பெயரை மட்டும் அப்போது அவர்கள் நீட்டும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இனிஷியலோடு வளர்ந்தவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பா பெயரின் முதலெழுத்துக்கு இடமில்லை. வாயில் நுழையாத ஏதோ ஒரு ஐரோப்பியக் குடும்பத்துக்குத் தத்துப் போனேன். ‘லிண்டன்’ என்ற குடும்பப் பெயர் மட்டும் பட்டியலில் வராது. அது அந்த உலகத்தை நடத்தும் லிண்டன் லேப் ஊழியர்களுக்கே உரியது.

இறங்கியதும் பெண்ணாக நின்றேன். அந்த நாட்களில் நம் உருவம் கணினிக்கு வந்து சேரும்வரை எல்லாரும் ஒரே பெண் உடம்பில்தான் தெரிந்தார்கள். பழைய குடிகள் அவளை ‘ரூத்’ என்று பெயர் சொல்லியே அழைத்தார்கள். அரை நிமிஷத்தில் ஆணானேன். சுற்றிலும் சாம்பல் நிறக் கட்டிகள். அவை மெதுவாக மரமாகவும் படிக்கட்டாகவும் மாறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத ஹார்மோனியத்தை வாசிப்பதுபோல் விரல்களை ஆட்டினார். பிறகுதான் தலைக்கு மேல் எழுத்து வந்தது. தட்டச்சு செய்கிறாராம். அந்த உலகத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் இப்படி ஹார்மோனியம் வாசித்தார்கள்.

பறக்கலாம். முதல் நாளே பறந்தேன். அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 4 மணி நேரம்தான்: 3 மணி வெயில், ஒரு மணி இருட்டு. எங்கள் ஷிஃப்ட் முடிவதற்குள் இரண்டு சூரியோதயம் பார்த்துவிடலாம். வெளியே கிண்டியில் விடிவது மூன்றாவது.

இந்த உருவங்களுக்கு ‘அவதார்’ என்று பெயர். நம் அவதாரம்தான், கடல் கடந்து போய் வால் நறுக்கித் திரும்பியிருக்கிறது. 1986-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கமோடோர் 64 கணினிகளுக்காக ‘ஹேபிட்டாட்’ என்ற உலகத்தைச் சோதித்துப் பார்த்தபோது, அதை வடிவமைத்த சிப் மார்னிங்ஸ்டார் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்த ஹேபிட்டாட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. ஒரு இயந்திரத்தில் பொம்மையை மலிவாக வாங்கி, ஊரின் இன்னொரு மூலையில் இருந்த அடகு இயந்திரத்தில் அதிக விலைக்குத் தள்ளலாம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். ராத்திரி முழுக்க இங்கும் அங்கும் ஓடினார்கள். விடிந்தபோது அந்த உலகத்தின் பணப்புழக்கம் பல மடங்காகியிருந்தது. புது உலகத்தில் முதலில் குடியேறுவது புத்திசாலி வியாபாரிதான் போலும்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் கடலோரமாகப் பறந்துகொண்டிருந்தவன் வெறும் காற்றில் முட்டி நின்றேன். எதிரே தரையிலிருந்து வரிவரியாகச் சிவப்பு எழுத்து நாடாக்கள் எழுந்திருந்தன. ‘நுழையாதே, நுழையாதே’ என்று அச்சடித்த ரிப்பன். உள்ளே ஒரு சின்ன வீடும் இரண்டு தென்னைமரமும் இருந்தன, ஆள் இல்லை. பறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் வேலி போட்டிருக்கிறார்கள்! சுற்றிப் பார்க்க வந்த உற்சாகம் அந்த இடத்தில் நின்றுபோய், எனக்குள் வேறொரு ஆள் விழித்துக்கொண்டான். நான் சர்வேயர் மகன்.

அப்பா சிவகங்கைப் பக்கம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். அந்த வாரம் போனில் சொன்னேன்.

“என்ன ஊருப்பா அது?”

“ஊரு இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ள நிலம்.”

“நிலம்னா அளந்திருக்கானா?”

“256 மீட்டருக்கு 256 மீட்டர். கட்டம் கட்டமா அளந்திருக்காங்க.”

வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். “பதினாறு ஏக்கர் சொச்சம். சரி, கல்லு எங்க நட்டிருக்கான்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மிச்ச நாளெல்லாம் போனது.

கல் கிடையாது. மெனுவில் ஒன்றை அழுத்தினால் தரை முழுக்க நிறம் பூசிக்கொள்ளும். நம் மனை பச்சை, அடுத்தவன் மனை சிவப்பு, விற்பனைக்கு இருப்பது மஞ்சள், ஏலத்துக்கு வந்தது ஊதா. ஒவ்வொரு 16 ஏக்கர் கட்டமும் எங்கோ ஒரு சர்வர் கணினியில் ஓடுகிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நடந்தால் கால் ஒரு நொடி வழுக்கும். வண்டியில் போனால் சில சமயம் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஒரு இயந்திரம் நம்மை இன்னொரு இயந்திரத்திடம் ஒப்படைக்கும் தடுமாற்றம் அது. எல்லைக்கல் என்று சொன்னால் அந்த வழுக்கலைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த நிலத்தை உண்டாக்கியவர் பிலிப் ரோஸ்டேல். 1999-ல் சான்பிரான்சிஸ்கோவில் லிண்டன் தெருவில் கம்பெனி ஆரம்பித்தார். தெருப் பெயரே கம்பெனிப் பெயராயிற்று. 2003 ஜூன் 23 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முதலில் எழுந்த கட்டங்களுக்கு அந்த நகரத்துச் சந்துகளின் பெயரையே வைத்தார்கள்: நட்டோமா, கிளெமென்டினா, ரிட்ச், மின்னா. பிழைக்கப் போன இடத்தில் சொந்த ஊர்ப் பெயரை வைப்பது எல்லா நாட்டாருக்கும் உள்ள வழக்கம்தானே.

திறந்து ஒரு மாதத்துக்குள் வரிக் கலகம் வந்துவிட்டது. அங்கே எல்லாமே ‘பிரிம்’ என்கிற அடிப்படைத் துண்டுகளால் ஆனது. பெட்டி, உருளை, கோளம் போன்ற வடிவங்களை இழுத்தும் முறுக்கியும் ஒட்டியும் கட்ட வேண்டும். ஆரம்பத்தில், கட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் வாரா வாரம் அந்த உலகத்துப் பணத்தில் வரி. கணினிக்குச் சுமை கூடாமல் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் நியாயம். விளைவு என்னவென்றால், ஒன்றும் கட்டாமல் சோம்பியிருந்தவன் நிம்மதியாக இருந்தான். அழகாகக் கட்டியவன் வரியில் மூழ்கினான். ‘அமெரிக்கானா’ என்று ஒரு குழு அமெரிக்காவின் புகழ்பெற்ற சின்னங்களை எல்லாம் கூட்டாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஜூலையில் அவர்கள் தங்கள் கட்டடங்களின் மேலேயே மலைபோல் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி மறைத்தார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை அவர்களுக்குப் பள்ளிப் பாடம். துப்பாக்கி ஏந்திய அவதாரங்கள் கோஷ அட்டையோடு திரிந்தன. இதையெல்லாம் அன்றன்றைக்குக் குறித்து வைத்தவர் வாக்னர் ஜேம்ஸ் ஆவ். கம்பெனியே சம்பளம் கொடுத்து உள்ளே அனுப்பிய நிருபர் அவர். அரசவைச் சரித்திரக்காரர் கலகத்தையும் எழுதினார் என்பது அந்தக் கம்பெனிக்குப் பெருமைதான்.

கலகம் ஜெயித்தது. நவம்பரில், குடிகள் உண்டாக்கும் பொருள்களின் படைப்புரிமை அவர்களுக்கே என்று கம்பெனி அறிவித்தது. டிசம்பரில் பொருள் வரியை எடுத்துவிட்டு நிலத்துக்கு மாதக் கட்டணம் வைத்தது. இத்தனை சதுர மீட்டர் வைத்திருந்தால் இத்தனை டாலர். அதில் நிலத்துக்குத் தகுந்த அளவு துண்டுகள் வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் இதைச் சொன்னதும், “விளைச்சல்ல பங்கு கேக்குறத விட்டுட்டு நிலத்துக்குத் தீர்வை போட்டுட்டான். வெள்ளைக்காரன் பண்ணுனதுதான” என்றார். வெள்ளைக்காரர் மன்றோ கொண்டுவந்த ரயத்துவாரி நிலவரி முறையைப் பற்றி அவர் புத்தகத்தில் படித்தவரில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டியே வயதானவர்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் பிடி கிடைத்தது. அந்த உலகத்தில் இரண்டு வகை நிலம் இருந்தது. ஒன்று பெருநிலப்பரப்பு. அங்கே குடியானவன் நேரே கம்பெனிக்குக் கிஸ்தி கட்டுகிறான், கட்டாவிட்டால் நிலம் போகும். இதுதான் ரயத்துவாரி. மற்றது தனித்தீவு. 2006 நவம்பருக்குப் பிறகு ஒரு தீவை எழுப்ப 1,675 டாலர், மாதம் 295 டாலர் என்று இருந்தது. அவ்வளவு போட்டு முழுத் தீவை வாங்கியவர் அதைத் துண்டு போட்டுப் பலருக்கு வாடகைக்கு விடுவார். கம்பெனிக்கும் குடிக்கும் நடுவே அவர் உட்கார்ந்திருப்பார். ஜமீன்தான் இது, வேறென்ன? எங்கள் பக்கம் 1948-ல் சட்டம் போட்டு ஒழித்ததை இவர்கள் 21-ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்த ஜமீன்களில் பெரியவர் ஒரு பெண். ஆன்ஷி சங் என்ற அவதாரம். வெளியே அவர் ஜெர்மனியில் வாழ்ந்த, சீனாவில் பிறந்த ஐலின் கிரேஃப். கணக்குத் திறக்கக் கட்டிய 9.95 டாலர்தான் முதல். நிலம் வாங்கி, சீர்திருத்தி, பிரித்து விற்றே வளர்ந்தார். 2006 மே மாதத்தில் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் அவருடைய அவதாரத்தின் முகம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் தன் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். உலகம் முழுக்க என்னைப்போல் பலபேரை வேலை நேரத்தில் உள்ளே அனுப்பியதில் அந்த அட்டைக்குப் பெரிய பங்குண்டு.

சாலைகள், கடற்கரைகள், கைவிட்ட மனைகள் இவற்றின்மேல் அழுத்திப் பார்த்தால் உரிமையாளர் பெயர் ‘கவர்னர் லிண்டன்’ என்று வரும். அப்படி ஒரு ஆள் கிடையாது, கம்பெனியின் கற்பனைக் கவர்னர். “புறம்போக்கு” என்றார் அப்பா, ஒரே சொல்லில்.

புறம்போக்கு இருந்தால் அதைச் சுற்றித் தில்லுமுல்லும் இருக்கும். மனையின் மிகச் சிறிய அளவு 16 சதுர மீட்டர், நாலுக்கு நாலு, ஒரு படுக்கையறை அளவு. அதில் அப்போது 3 துண்டுகள்தான் வைக்க முடிந்தது. ஆனால் சுழலும் விளம்பரப் பலகைக்கு 3 துண்டு போதும். ஒரு கூட்டம் நல்ல நிலமாகப் பார்த்து வாங்கி, நடுநடுவே இந்த நாலுக்கு நாலு மனைகளை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை விற்றது. கடல் தெரிகிறதே என்று ஆசையாக மனை வாங்கியவன் ஜன்னலைத் திறந்தால், எதிரே மின்னிக்கொண்டு சுற்றும் பலகை. அதை எடுக்கச் சொன்னால் அந்த நாலுக்கு நாலுக்குக் கொள்ளை விலை கேட்பார்கள். மனைப்பிரிவில் பாதையை ஒட்டி மூன்றடித் துண்டை எழுதிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு பிறகு பேரம் பேசும் ஆட்களை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி இதைத் தடுக்க விதி போட்டது 2008-ல்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்ப வருஷங்களில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால், நினைத்த வாசலில் போய் இறங்க முடியாது. பக்கத்தில் இருக்கும் ‘டெலிஹப்’ என்ற நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பறந்து போக வேண்டும். ஆகவே நிலையத்தைச் சுற்றி அங்காடிகள் முளைத்தன, மனை விலை ஏறியது. 2005 கடைசியில் நேரே தாவும் வசதி வந்ததும் நிலையங்களை எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அந்தப் பழைய அங்காடிகள் சில மிச்சமிருந்தன. பலகைகளில் உடுப்புப் படங்கள், காசு போட்டால் அப்போதும் பொருள் தரும் பெட்டிகள், ஒரு ஈ காக்கை இல்லை. பைபாஸ் வந்த பிறகு பழைய ஹைவேயில் கிடக்கும் சாப்பாட்டுக் கடைகளைப் போலத்தான் இருந்தன. பெரிய பெயர்களின் கடைகளும் அதே நிலையில்தான் இருந்தன. அமெரிக்கன் அப்பேரல் 2006-ல் கடை திறந்து மறு வருஷமே சாத்தியது. கார் கம்பெனிகளின் பளிங்குக் கூடங்களில் என் காலடி ஓசை மட்டும் கேட்டது. என் இரண்டு பக்க அறிக்கையில் வாடிக்கையாளருக்குப் பயன்பட்ட ஒரே வரி அநேகமாக இதுதான். மாதிரி வீடு எழும்பவில்லை.

ஆள் கூட்டம் எங்கே என்று கேட்டால், ஆடும் இடங்களிலும் உட்காரும் இடங்களிலும். உட்காருவதற்குக் கூலி கொடுத்தார்கள். கூட்டம் அதிகமுள்ள இடம் தேடுபட்டியலில் மேலே வரும் என்பதால், கடைக்காரர்கள் நாற்காலி போட்டு, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு இரண்டு மூன்று லிண்டன் டாலர் தந்தார்கள். அப்போது ஓர் அமெரிக்க டாலருக்கு சுமார் 270 லிண்டன் டாலர். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று ரூபாய்கூடத் தேறாது. வரிசையாக நாற்காலியில் தலை தொங்கி உட்கார்ந்திருக்கும் தேவதைகளும் ஓநாய்களும். வரைபடம் பிளாட்டரில் அச்சாகும்போதெல்லாம் நானும் என் அவதாரத்தை அங்கே உட்காரவைத்துச் சம்பாதித்தேன்.

அந்தக் காசில் குத்தகைக்கு 512 சதுர மீட்டர் எடுத்தேன், பன்னிரண்டரை சென்ட். அதற்குச் சில மாதம் முன்புவரை புதுக் குடிகளுக்கு அதே அளவு நிலத்தைச் சலுகை விலையில் கம்பெனியே கொடுத்துவந்தது, பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. அளந்து கொடுக்கும் காலம் முடிந்து, வாங்கினவனிடம் வாங்கும் காலத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்த 512 சதுர மீட்டருக்கு அப்போது 117 துண்டுகள்.

என்ன கட்டுவது? எங்கள் ஊர்த் திண்ணை வீடு. அலுவலகத்தில் தினமும் வரைவது அமெரிக்கக் குளியலறை; இதையாவது நமக்காகப் போடலாமே என்றுதான். உருளைத் துண்டுகளில் தூண் வந்தது. அப்போது எந்தத் துண்டும் 10 மீட்டருக்கு மேல் நீளவில்லை, பரவாயில்லை, எங்கள் வீடும் நீளாது. நாட்டு ஓட்டைப் படம் பிடித்து மேலே ஒட்டினேன். சிக்கல் நிலைவாசலில் வந்தது. அங்கே நம் பார்வை நம் கண்ணில் இல்லை. பின்னந்தலைக்கு மேலே ஒரு கேமராவில் இருக்கிறது. குனிந்து நுழைகிற உயரத்தில் வாசல் வைத்தால் அவதாரம் உள்ளே போகும், கேமரா சுவருக்கு வெளியே நின்றுவிடும். அதனால்தான் அந்த ஊர் வீடுகள் எல்லாம் கல்யாண மண்டபம்போல் உயரமாக இருந்தன. ஏழடி மனிதர்களும் மண்டபக் கூரையும். என் நிலையை இரண்டு மடங்காக்கினேன். முற்றம் பெரிதாயிற்று, திண்ணை பெரிதாயிற்று. கடைசியில் அது எங்கள் ஊர் வீடு மாதிரியும் இருந்தது, செட்டிநாட்டுப் பக்கத்து வீடு மாதிரியும் இருந்தது. கையிருப்புத் துண்டுகள் தீர்ந்ததால் பின்கட்டு இல்லை. பாதிச் சுவர்கள் அவர்கள் கொடுக்கும் ஒட்டுப்பலகை நிறத்திலேயே நின்றன.

நான் கட்டிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில்தான் ‘ஜின்கோ’ என்ற அங்கத்திய வங்கி கவிழ்ந்தது. வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகச் சொன்ன வங்கி. சூதாட்டத்தைக் கம்பெனி ஜூலையில் தடை செய்ததும் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கூட்டம் வந்தது; கொடுக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனி வாசலில் பாஸ் புத்தகத்தோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பணம் தரும் பெட்டி முன்னால் அவதாரங்கள் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டு நின்றன.

“கேஸ் ஏதாவது நடந்துச்சா?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். கேஸ் இல்லாத நிலத்தை அவர் நிலமென்று ஒத்துக்கொள்ள மாட்டார். நடந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், ஏல முறையில் இருந்த ஓட்டை வழியாக 2006-ல் ஒரு கட்டத்தை 300 டாலருக்கு எடுத்தார். கம்பெனி அவர் கணக்கையே முடக்கியது. அவர் நீதிமன்றம் போனார். விவகாரத்தைத் தனி நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற கம்பெனியின் விதி ஒருதலைப்பட்சமானது என்று 2007 மே மாதத்தில் நீதிபதி எடுவார்டோ ராப்ரெனோ தள்ளிவிட்டார். ஆனால் அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை. அந்த வருஷமே சமரசமாகிவிட்டார்கள். ‘நிலம் சொந்தம்’ என்று கூவி விற்ற கம்பெனி, 2010 வாக்கில் தன் விதிமுறையைத் திருத்தி, விற்றது நிலமல்ல, கணினியைப் பயன்படுத்தும் உரிமம்தான் என்று எழுதிக்கொண்டது. பட்டா என்று வாங்கியது அனுபோகச் சீட்டாகிவிட்டது.

என் குத்தகை அதற்கெல்லாம் முன்பே முடிந்தது. 2008 பிப்ரவரியில் அலுவலகத்தில் நெருக்கடியான வேலை. இரண்டு வாரம் உள்ளே போகவில்லை, வாடகைப் பெட்டியில் காசு போடவில்லை. போய்ப் பார்த்தபோது என் மனையில் யாரோ ஒரு ஜப்பானியத் தேநீர்க் குடில் கட்டியிருந்தார்கள். என் 117 துண்டுகளும் ‘தொலைந்ததும் கிடைத்ததும்’ என்ற கோப்புறையில் பத்திரமாக வந்து கிடந்தன. தூண், ஓடு, நிலை எதற்கும் நான் பெயர் வைத்திருக்கவில்லை. ‘பொருள்’, ‘பொருள்’, ‘பொருள்’ என்று வரிசையாக நின்றன.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வீட்டை நாலு பக்கமும் படமெடுத்து அலுவலகக் கலர் பிரின்டரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மனை எல்லை தெரியும்படி பச்சை, சிவப்பு நிறங்களோடு மேலேயிருந்து ஒரு படமும். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மற்றப் படங்களை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் எடுத்தார். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“திண்ணை தெருவுல நீட்டிக்கிட்டு இருக்கே.”

பார்த்தேன். ஒரு மீட்டர் அளவுக்கு, கவர்னர் லிண்டனின் சாலைமேல் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. நிலையைப் பெரிதாக்கியபோது திண்ணையும் வளர்ந்துவிட்டது.

“அங்க அது தப்பு இல்லப்பா. துண்டோட நடுப்புள்ளி நம்ம எடத்துக்குள்ள இருந்தாப் போதும். மிச்சம் வெளிய நீட்டுனாலும் நம்ம கணக்குத்தான்.”

“எதிர்வீட்டுக்காரனுக்கும் அதே சட்டமா?”

“ஆமா.”

“அப்ப அவனும் நீட்டுவான். நடுவுல வண்டி எப்படிப் போகும்?”

அங்கே எல்லாரும் பறப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திண்ணையின் முன்பக்கத்தை வெட்டியிருந்தார்.